பதினான்காம் அத்தியாயத்தை மாற்றியவள்

என் நாவலின் முன்னுரையில் இருபத்தொரு பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அதில் பாதிப் பேர் அந்தப் புத்தகத்தைத் திறந்தும் பார்த்திருக்க மாட்டார்கள். ஜெயராணியின் பெயர் மட்டும் அதில் கிடையாது. நான் எழுதித்தான் கொடுத்தேன். டைப் பண்ணும்போது அவளே அந்த வரியை வெட்டிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "டைப் பண்ணுனதுக்குக் கூலி குடுத்திட்டீங்கல்ல சேர், அப்புறம் என்னாத்துக்கு நன்றி?" என்றாள். என் எழுத்தில் கை வைப்பது அவளுக்குப் புதிதல்ல. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இதையும் வெட்டிவிடுவாள் என்ற பயத்தில் நானே ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கிறது.

என் பெயர் இப்திகார். கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் குடியிருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் படிப்பித்தவன். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மாணவர்கள் சொல்வார்கள். அது பொய் என்று சொல்ல மாட்டேன். கணக்கு வாத்தியாருக்கு நாவல் எதற்கு என்று ஊரில் கேட்பார்களே என்ற வெட்கத்தில், 2016இல் எழுதத் தொடங்கியபோது வீட்டில் என் மனைவி றமீஸாவுக்கு மட்டும்தான் சொன்னேன். டைப் பண்ணுவதற்கும் திகனயில் கொடுக்கவில்லை. பஸ் மாறி வத்தேகமவுக்குப் போனேன்.

அங்கே பஸாரின் பின்பக்கம் பஹீமின் போட்டோ கொப்பிக் கடை. உள்ளே ஒரு பழைய கம்பியூட்டரின் முன்னால் ஜெயராணி. அப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயதிருக்கும். வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடொன்றில் அம்மாவோடு இருந்தாள். தகப்பன் இறந்து பல வருடம். கலியாணப் பேச்சு ஒன்றிரண்டு வந்து தட்டிப்போன பிறகு அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். பாமினி எழுத்துருவில் விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பாள். கண் நான் கையால் எழுதிக் கொடுத்த கொப்பியில் இருக்கும். வாய் சும்மா இருக்காது. கலியாணக் காட், வினாத்தாள், மரண அறிவித்தல், சங்கக் கடிதம் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. என் நாவலுக்கு இல்லாமல் போகுமா?

நாவலின் பெயர் 'எண்களின் நாடு'. வரப்போகும் ஒரு காலத்தில் நடக்கிற கதை. அந்த நாட்டில் யாருக்கும் பெயர் இல்லை, எண் மட்டும்தான். எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்துத்தான் எந்த நாளில் வெளியே போகலாம், எந்த வரிசையில் நிற்கலாம் என்பதெல்லாம். பெயர் வைப்பது குற்றம். செத்தவர்களைக்கூட அவரவர் வழக்கப்படி அடக்க விடாமல் அரசாங்கமே எடுத்துப்போய் எரித்துவிடும். சாம்பலை எண் போட்ட மண்முட்டியில் கொடுக்கும். இதைக் கற்பனை பண்ணிய நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு கொடூரம் யார் மூளையிலும் உதித்திருக்காது என்று நினைத்தேன். சரியான பெருமைக்காரன்.

"யாரு சேர் இதெல்லாம் நம்புவாங்க?" இதுதான் ஜெயராணி முதல் கொப்பியை முடித்ததும் சொன்னது.

"நம்புறதுக்கில்ல புள்ள, யோசிக்கிறதுக்கு" என்றேன்.

"நம்பாம எப்பிடிங்க யோசிக்கிறது?"

 வகுப்பில் எவனாவது இப்படிக் கேட்டிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

2018 மார்ச்சில் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீதியில் மூன்று கடைகள் எரிந்தன. எங்கள் வீட்டுக்கு யன்னல் கண்ணாடிகளோடு போயிற்று. இரண்டு மாதம் நான் பேனையைத் தொடவில்லை. பிறகு அடுத்த கொப்பியைக் கொண்டுபோனபோது அவள் என்னைச் சுகமா என்று கேட்டுவிட்டு, கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். "ஒங்க ஊருல நடந்தது ஒண்ணும் இதுல வரலியே சேர்?" என்றாள்.

"இது வேற நாடு, ஜெயராணி."

"ஓஹோ. வேற நாடா."

அந்த 'ஓஹோ' பஸ்ஸில் வீடு வரும்வரை என் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. எரிச்சலாக இருந்தது. சரியான இடத்தில் தட்டியிருக்கிறாள் என்பதால் வந்த எரிச்சல்.

அடுத்த வருடம் ஈஸ்டர் ஞாயிறு. ஜெயராணி கத்தோலிக்கம். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போகிறவள். எங்கள் ஆட்கள் என்று பெயர் சொல்லிக்கொண்ட சிலர் போய்க் கிறிஸ்தவக் கோயில்களில் குண்டு வைத்த பிறகு அந்தக் கடைப்படி ஏற எனக்குக் கால் கூசியது. மூன்று கிழமை கழித்துத்தான் போனேன். அவள் தலையை நிமிர்த்தினாள்.  பிறகு, "வீட்ல எல்லாரும் சொகமா சேர்?" என்றாள். நான் தலையாட்டினேன். "ஏழாவது கொப்பியில ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கு, பிரிக்க வருதில்ல, அதுல என்னா எழுதியிருக்கீங்க?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே போய்க் குடையை விரித்துப் பார்ப்பதுபோல் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. விளங்காத எழுத்தில் ஏதாவது இருந்தால் கேள்வி வரும் என்ற பயத்தில் சனம் புத்தகங்களைப் பின்வளவு மண்ணில் தாட்டார்கள், எரித்தார்கள். றமீஸா என் கொப்பிகளைத் தூக்கி மேசையில் போட்டாள்.

"இதப் பாருங்க. பக்கம் பக்கமா நம்பர். போதாததுக்கு டவுண் மெப் ஒண்ட வேற கீறி, எந்தச் சந்தியில எத்தின ஆமிக்காரன் நிக்கிறண்டும் எழுதி வெச்சீக்கிறீங்க. பொலிஸ் வந்து இது எனத்தண்டு கேட்டா கதையெண்டு செல்லுவீங்களா?"

அவள் சொன்ன பிறகுதான் நானே அந்தக் கொப்பிகளைப் பொலிஸ்காரன் கண்ணால் பார்த்தேன். இல்லாத ஒரு தலைநகரத்துக்கு அளவெடுத்து வரைபடம் கீறி வைத்திருந்தேன். கணக்கு வாத்தியார் புத்தி. பொலிஸுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது? பதினொரு கொப்பிகளையும் ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டு ஜெயராணியிடம் கொண்டுபோனேன். எங்கே வைப்பது என்று நான் கேட்கும் முன்னாலேயே, "அம்மாட ட்ரங்குப் பெட்டியில சீலைக்கு அடியில வச்சிர்றேன். அத ஒருத்தரும் தொறக்க மாட்டாங்க" என்றாள்.

இப்படித்தான் மரியகொறற்றி அம்மா என் நாவலுக்குள் வந்தார். முப்பத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்தவர். எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் பெட்டியில் ஒரு பொருளை வைப்பதென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். எனவே வேலை முடிந்து வந்து ஜெயராணி பின்னேரங்களில் அதை வாசித்துக் காட்டத் தொடங்கினாள். ஒரு மாதம் கழித்துக் கடையில் சொன்னாள்: "அம்மாவுக்குப் பன்னெண்ட ரொம்பப் புடிச்சுப் போச்சு சேர்."

பன்னெண்டு யார் என்று எனக்கு விளங்கவில்லை. என் கதையில் 4012 என்ற எண்ணுள்ள ஒரு கிழவி வருகிறாள். எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள், வரிசையில் நிற்பவர்களுக்கு விடுகதை போடுவாள். அந்த அம்மா அவளுக்குப் பன்னெண்டு என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார். "இன்னிக்குப் பன்னெண்டு வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவாராம். பெயரே இல்லாத நாட்டில் என் முதல் வாசகி வந்து பெயர் வைத்துவிட்டார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

2020 பெப்ரவரியில் முழு நாவலும் டைப் ஆகி முடிந்தது. ப்ரின்ட் எடுத்து வீட்டில் வைத்துப் பிழை திருத்திக்கொண்டு வந்தேன். பதினான்காம் அத்தியாயத்தில் பன்னெண்டு சாகிறாள். நான் எழுதியது, அவளை முகமூடி போட்ட சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து தூக்கிப்போய், அபாயச் சங்கு ஊத, பெரிய இரும்பு யந்திரம் ஒன்றில் போட்டு எரிக்கிறார்கள் என்று. ப்ரின்டில் அப்படி இல்லை. அவளைச் சனமெல்லாம் தோளில் சுமந்து போகிறது. மெழுகுதிரி ஏற்றுகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள். ஆளுக்கொரு பிடி மண் போடுகிறார்கள். காவலுக்கு நின்ற பொலிஸ்காரன் தொப்பியைக் கழற்றுகிறான். இரண்டு பக்கம், அழகாக, என் நடையிலேயே!

அன்றைக்கே வத்தேகமவுக்குப் போனேன். கடையில் ஆட்கள் நின்றதையும் பார்க்கவில்லை.

"இத ஆரு எழுதின?"

"நாந்தான்" என்றாள். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. "அம்மா கேட்டுக்கிட்டு இருந்துச்சு சேர், பன்னெண்ட என்னா செஞ்சாங்க, பன்னெண்ட என்னா செஞ்சாங்கன்னு. எரிச்சிட்டாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நல்லா அடக்கம் பண்ணுனாங்கன்னு சொன்னேன்."

"அம்மாவுக்குச் சொன்னா சொல்லுங்க. டைப் பண்ணினது எனத்துக்கு?"

"அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு இருந்தா நான் அம்மாவுக்குச் சொன்னது பொய்யாயிரும்ல?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். எதிர்காலம் எவ்வளவு கொடூரமாகும் என்று காட்டுவதுதான் இந்த நாவலின் உயிர், அந்த உயிரையே நெரித்துவிட்டாய் என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்த பிறகு, "செத்ததுக்குப் பொறகு ஒரு மனுசிய யாராச்சும் அப்பிடிச் செய்வாங்களா சேர்? எந்தக் கவர்மெண்டு செய்யும்? நடக்காத விஷயத்த எழுதி ஏன் சனத்தப் பயங்காட்டுறீங்க?" என்றாள். பழையபடி மாற்றித் தருவதாகச் சொன்னாள். சொன்னபோது முகம் நல்லாயில்லை.

மாற்றுவதற்குள் கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. இரண்டு மாதம் அவரவர் வீட்டுக்குள் கிடந்தோம். மே மாதம் ஒரு நாள் அவளிடமிருந்து போன் கோல்.

"சேர், ஒங்க அடையாள அட்டையில கடைசி நம்பர் என்னா?"

"ஏழு. ஏன்?"

"அப்பன்னா ஒங்களுக்கு வியாழக்கிழமதான் வெளிய போகலாம். டீவியில சொன்னான். நம்ம கதையில ஏழுக்குச் செவ்வாக்கெழமல்ல? கொஞ்சம் பெழ விட்டுட்டீங்க சேர்!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பின்னாலிருந்து மரியகொறற்றி அம்மா, "பன்னெண்டுக்கு என்னா கெழமன்னு கேளு" என்று கத்துவது கேட்டது. நானும் சிரித்தேன். பிறகு போனை வைத்துவிட்டு, ப்ரின்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துத் திரும்பவும் வாசித்தேன்.

2021 ஜனவரி கடைசியில் அந்த அம்மாவுக்கு நெஞ்சு இழுப்பு. வருடாவருடம் மழைக் குளிருக்கு வருவதுதான். ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார். இறந்த பிறகு வந்த ரிப்போர்ட்டில் கொரோனா என்றிருந்தது. அந்த நேரத்துச் சட்டம், கொரோனாவில் இறந்த யாரையும் புதைக்க விடாது. முஸ்லிமானாலும் கிறிஸ்தவமானாலும் எரிப்புத்தான். தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் அம்மாவுக்கென்று இடம் விட்டு, ஜெயராணியே வேலி கட்டி வைத்திருந்தாள். அந்த இடம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அடுத்த நாலு கிழமையில் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள்.

செய்தி கேட்டதும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எரிப்பு முடிந்ததும் ஜெயராணியைத் தனிமைப்படுத்தி லயத்துக்குள்ளேயே பதினாலு நாள் வைத்திருந்தார்கள். போனில் கூப்பிட்டேன். "ஓம் சேர்... ம்... சரி சேர்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதிய அத்தியாயத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. யாரோ ஒரு கிழவியை எரித்துவிட்டுக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, சீலைக்கு அடியில் என் கொப்பியைப் பாதுகாத்த மனுஷி எரிந்துபோனது தாங்க முடியவில்லை.

வெட்கம் மட்டும்தான் என்றால் பரவாயில்லை. பயமும் இருந்தது. எங்களில் இறந்தவர்களின் ஜனாஸாக்களை எரிப்பதைப் பற்றி அப்போது ஊரெல்லாம் ஒரே கொதிப்பு. அதைப் பற்றி எழுதினவனை விசாரிக்கிறார்களாம், கூட்டிக்கொண்டு போகிறார்களாம் என்று தினமும் ஒரு கதை வரும். உண்மையோ பொய்யோ யாருக்குத் தெரியும்? பென்ஷனுக்கு எனக்கு இரண்டே வருடம். நான்கு வருடத்துக்கு முன்னால் எழுதியது என்று சொன்னால் எவன் நம்புவான்? பதினான்காம் அத்தியாயத்தை முழுதாக எடுத்துவிட்டேன். கிழவி ஒரு நாள் வரிசைக்கு வரவில்லை என்று ஒரு வரி மட்டும் போட்டேன். றமீஸா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மார்ச் மாதம் கடைக்குப் போய் அதைச் சொன்னேன். ஜெயராணி மெலிந்து போயிருந்தாள். கறுப்பு உடுத்தியிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏன் எடுத்தீங்க?"

"உங்களுக்கு மனசு வேதனையாக ஈக்குமெண்டு..."

"எனக்காகவா எடுத்தீங்க? உண்மையச் சொல்லுங்க சேர்."

"பயம்" என்றேன்.

"அப்பிடிச் சொல்லுங்க." என் பக்கம் திரும்பினாள். "நடக்காதுன்னு சொன்னவ நான். நடந்திருச்சு. இப்ப நடந்ததுக்குப் பொறகு இல்லாத மாதிரிப் பண்ணுறீங்களே, அது நாயமா? எடுக்குறதுன்னா எடுங்க. அதுக்குப் பொறகு இத நான் தொட மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க."

பஹீம் போட்டோ கொப்பி மெஷினை நிற்பாட்டிவிட்டு வெளியே போனான். நான் கதிரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் பேசத் தொடங்கினாள். பேசிக்கொண்டே அடித்தாள். கண் இம்முறை கொப்பியில் இல்லை.

"நீங்க எழுதுனது எல்லாமே பெழ சேர். துவக்கு, துப்பாக்கி ஒண்ணுமில்ல. சங்கு ஊதல. ஒரு பொடியன் வந்தான், வெள்ளக் கோட்டு, தலையிலருந்து கால் வரைக்கும் மூடி. கையில போர்ம். சிங்களத்துல இருந்துச்சு, எங்க கையெழுத்து வைக்கணும்னு வெரலால காட்டுனான். அப்புறம் பெட்டி செய்யணும், அம்மா ஒசரம் எவ்வளவுன்னு கேட்டான். எனக்குத் தெரியல சேர். முப்பத்தொம்பது வருசம் ஒரே வீட்ல இருந்தேன், எங்கம்மா ஒசரம் எனக்குத் தெரியல. என் தோள் வரைக்கும் வரும்னு தொட்டுக் காட்டுனேன். அவன் அளவு நாடாவ எடுத்து என் தோளத்தான் அளந்தான்."

அவள் விரல்கள் நிற்கவில்லை. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஒருத்தரும் கெட்டவங்களா இல்ல. அதத்தான் நீங்க எழுதல. பெரிய டொக்டர் 'அனே நங்கி, அப்பிட்ட கரன்ன தெயக் நே'ன்னு சொல்லிட்டு அழுதாரு. பாவம் தங்கச்சி, எங்களால ஒண்ணும் செய்ய ஏலாதாம். நெசமாவே அழுதாரு சேர். எரிக்கிற எடத்துல தூரமா ஒரு நாவல் மரத்துக்குக் கீழ நிக்கச் சொன்னாங்க. அங்க வேல செய்ற ஒருத்தர் எனக்கு ப்ளேன்டீ கொண்டாந்து தந்தாரு. நான் அதக் குடிச்சேன். அம்மா எரியுது, நான் டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறேன். சாமியார் போன்ல செபம் சொன்னாரு. சிக்னல் இல்ல, நடுவுல கட்டாயிருச்சு. சாம்பல் வேணுமான்னு கேட்டாங்க. வேணான்னுட்டேன். அது எங்கம்மாதான்னு யாரு சொன்னா?"

கடைசிப் பக்கம்வரை அடித்தாள். நான் யந்திரத்தையும் சிப்பாய்களையும் சங்கையும் வைத்து எழுதிய பன்னிரண்டு பக்கம் இவளுடைய மூன்று பக்கத்துக்கு முன்னால் நிற்காது. அதைச் சொல்வதில் எனக்கு இப்போது கூச்சமில்லை. கொடுமைக்காரர்களைத் தேடிக் கற்பனை பண்ணிக்கொண்டிருந்த எனக்கு, இரக்கமுள்ளவர்கள் சேர்ந்து இதைச் செய்வார்கள் என்று தோன்றவே இல்லை.

ப்ரின்டைக் கையில் தந்தாள். பார்த்தேன். 4012 என்ற எண் எங்கேயும் இல்லை. அது இருந்த இடத்திலெல்லாம் மரியகொறற்றி என்று இருந்தது. பெயரே இல்லாத நாட்டில், இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில், அந்த ஓர் அத்தியாயத்தில் மட்டும் ஒரு பெயர்.

"இது... இது கதைக்கு ஒத்து வராதே, புள்ள."

"வரட்டும், வராமப் போகட்டும். யாராச்சும் கேட்டா டைப் பண்ணுறவ தப்பாப் போட்டுட்டான்னு சொல்லுங்க. அந்த அத்தியாயமே அவ வேலதான்னு சொல்லுங்க. ஒங்களுக்கு ஒண்ணும் வராது. எனக்கு என்னா சேர் பண்ணுவாங்க? அம்மாவும் இல்ல, பென்ஷனும் இல்ல."

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தப்பிக்க ஒரு வழி கிடைத்ததே என்றுதான் நினைத்தேன். அவளைக் கொண்டே அதைச் சொல்ல வைத்துவிட்டு நல்ல மனுஷன் மாதிரித் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு புத்தகம் அச்சுக்குப் போக இரண்டு வருடம் எடுத்தது. 2022இல் பொருளாதார நெருக்கடியில் அச்சகத்தில் பேப்பர் இல்லை, கரண்ட் இல்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கவும் நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்தார்கள். வரிசையில் நின்றுகொண்டு ஜெயராணிக்கு மெசேஜ் போடுவேன். 'அடுத்த கதைய நல்லதா எழுதுங்க சேர், ஒங்க வாய் முகூர்த்தம் சரியில்ல' என்று பதில் வரும். கடைசியில் 2023 ஓகஸ்டில் முந்நூறு பிரதி கைக்கு வந்தது. கண்டியில் ஒரு சின்ன மண்டபத்தில் வெளியீடு வைத்தோம். எழுபது பேர் வந்திருப்பார்கள். றமீஸா முன்வரிசையில். ஜெயராணி பின்னால் சுவரோரம். வாசல் பக்கத்துக் கதிரையில் புத்தகமும் வாங்காமல் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர். பொலிஸ் என்று பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் கூட்டங்களுக்கு அவர்கள் வருவது வழக்கம்தான். ஆனாலும் அவரைக் கண்டதிலிருந்து என் கண் அந்தக் கதிரைக்கே போய்க்கொண்டிருந்தது.

பேச்சுகள் முடிந்து கேள்வி நேரம். பஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் எழும்பினார். யாழ்ப்பாணத்தவர், பேராதனைப் பக்கம் குடியேறி நாற்பது வருடம். ஒரு புத்தகத்தையும் பென்சில் இல்லாமல் வாசிக்க மாட்டார்.

"நல்ல முயற்சி, இப்திகார். ஆனால் பதினாலாம் அத்தியாயத்தில ஒரு குழப்பம் இருக்கு. ஒருத்தருக்கும் பேர் இல்லாத நாடெண்டு முதல் பக்கத்திலயே சொல்லிப்போட்டியள். பிறகு இந்த மரியகொறற்றி எங்க இருந்து வந்தவ? அதுவும் மற்ற அத்தியாயங்களில இல்லாத ஒரு நடை. இது அச்சுப் பிழையோ? அடுத்த பதிப்பில திருத்திறது நல்லம்."

அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்.  வாசல் பக்கத்து மனிதர் பேனையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். நான் பின்சுவரைப் பார்த்தேன். ஜெயராணி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். சொல்லுங்க, டைப் பண்ணுறவ தப்புன்னு சொல்லுங்க என்று விரலால் தன்னையே காட்டினாள். சொல்வதற்கு வாயைத் திறந்தும்விட்டேன். தோளைத் தொட்டு அம்மாவின் உயரத்தைக் காட்டிய கை அது.

"பிழை இல்ல மாஸ்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைக்கைக் கிட்ட இழுத்துத் திரும்பவும் சொன்னேன். "பிழை இல்ல. இந்தப் புத்தகத்துல மத்தது எல்லாம் நான் மனசால சோடிச்சது. அது ஒண்டுதான் நடந்தது. அடுத்த பதிப்பு வந்தாலும் அப்பிடியே ஈக்கும்."

பஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் அவ?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் பதில் சொல்லும் முன்னால் பின்சுவரோரம் கதிரை நகரும் சத்தம் கேட்டது. ஜெயராணி எழும்பி நின்றிருந்தாள்.

"எங்கம்மாங்க" என்றாள்.

எழுபது தலையும் அவள் பக்கம் திரும்பின. வாசல் பக்கத்து மனிதரின் பேனையும் ஓடியது. ஜெயராணி அவரைப் பார்த்தாள். அவளுக்குக் கோபமோ பயமோ இருந்ததாகத் தெரியவில்லை. கடையில் மரண அறிவித்தல் கொடுக்க வருகிறவர்களிடம் பேசுவதுபோலத்தான் பேசினாள்.

"முழுப் பேரும் எழுதிக்கங்க. அந்தோணி மரியகொறற்றி. வயசு அறுபத்தெட்டு."

அவர் எழுதினார்.